வேன் அண்ணன் தூக்கிப் பார்த்த போத்தல்கள்

ஈப்போவிலிருந்து லூமுட்டுக்கு எப்படிப் போவது என்று யாரைக் கேட்டாலும் சாலையைச் சொல்வார்கள். எங்கள் பள்ளி வேன் அண்ணனைக் கேட்டால் கழிப்பறையைச் சொல்வார்.

"லூமுட்டுக்கா டீச்சர்? கல்யாணமா? காலையில கெளம்புனீங்கன்னா பாதி வழியில ஒரு சீனக் கோப்பிக்கடை வரும். முன்னால பாத்தா ஒரு மாரியா இருக்கும், அத வச்சு எடை போட்றாதீங்க. பின்னால போங்க. தரை காஞ்சி கெடக்கும், பைப்ப தொறந்தா தண்ணி சர்ருனு வரும். கோப்பி சுமார்தான்லா. ஆனா மனசு நெறஞ்சிரும்."

நான் கேட்டது எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும் என்று.

நான் இப்போது தாப்பா பக்கம் வேறொரு பள்ளியில் இருக்கிறேன். அவரைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு முறையாக ஒரு பெயர் இருந்தது, வேனின் கதவில் பெயின்டால் எழுதியும் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு 'அங்கிள்', எங்களுக்கு 'வேன் அண்ணே'. ஆசிரியர் அறையில் அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் 'கக்கூஸ் இன்ஸ்பெக்டர்'. அந்தப் பெயரை வைத்தவள் நான்தான் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் பள்ளி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டத்தை விற்று வீடுகளாக்கியபோது, பள்ளியை அதன் பெயரோடு தூக்கிவந்து ஈப்போவின் ஓரத்தில், மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு நடுவில் வைத்தார்கள். பிள்ளைகள் பெருகினார்கள். பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறைகள் மட்டும் நான்கோடு நின்றுவிட்டன. நான்கில் இரண்டு எப்போதும் அடைத்துக் கிடக்கும். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மாணவர் நலப் பொறுப்பு என் கையில் இருந்தது. கழிப்பறையும் மாணவர் நலத்தில்தான் சேரும் என்று பொறுப்பைக் கொடுத்தபோது யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா முகத்தைச் சுளிப்பார். வயிற்றுப்போக்கு என்றால்கூட 'உடம்பு சரியில்லை' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி வளர்ந்த எனக்கு, தினமும் பள்ளி வாசலில் நின்று உரத்த குரலில் கழிப்பறை பேசும் ஒரு மனிதரைக் கண்டால் எப்படி இருக்கும்? தூரத்தில் அவர் வேன் வருவதைப் பார்த்தால் நான் கையில் இருக்கும் தாள்களைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன். அவர் விடமாட்டார்.

"டீச்சர், நேத்து ஒரு புதுவீட்டு விசேஷத்துக்குப் போனேன். ஹால்ல என்னா லைட்டு, என்னா சோபா! கக்கூஸ்ல காயோங் இல்ல டீச்சர். தண்ணி மொள்ள ஒரு காயோங் வாங்கி வைக்க முடியல, மனுசன் சீலிங்குல பூ போட்டு வச்சிருக்காரு."

விசேஷ வீடுகளில் முதலில் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்காருவார். பின்பக்கம் சரியில்லை என்றால் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிப் பட்டினியாக வீட்டுக்கு வந்துவிடுவார். "கல்யாணச் சாப்பாடுன்னு கூட்டிட்டுப் போயி எனக்கு மெகி நூடல்ஸ் போட்டுக் குடுத்த புருசன் ஊருலயே இவரு ஒருத்தருதான்" என்று அவர் மனைவி ஒரு தீபாவளிக்கு என்னிடம் சொன்னார். சொன்ன முகத்தில் கோபம் பாதிதான் இருந்தது.

மற்ற வேன்களில் முருகன் படமோ நடிகர் படமோ ஒட்டியிருக்கும். இவர் வேனில் சீட்டுக்கு எதிரே அட்டையில் கையால் எழுதிய ஒரு வாசகம்: 'அவசரம்னா கூப்பிடு. வெக்கப்படாதே.' பின்சீட்டுக்கு அடியில் ஒரு வாளி, ஒரு காயோங், ஒரு தேய்க்கும் பிரஷ், இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு, ஒரு சின்னச் சாரோங். அந்தச் சாரோங் எதற்கு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் என் கார் பட்டறையில் கிடந்ததால் அவர் வேனில் ஏறினேன். முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் திடீரென்று அழுதான். கால்சட்டை நனைந்து, சீட்டும் நனைந்துவிட்டது. மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அண்ணன் வண்டியை ஓரம் கட்டி, தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அந்தச் சீட்டில் கொட்டினார்.

"அய்யய்யோ! அங்கிள் தண்ணிய ஊத்திட்டேன்லா. தம்பி சிலுவாரெல்லாம் நனைஞ்சி போச்சே! இந்தாய்யா, இந்தச் சாரோங்க கட்டிக்க."

பையன் அழுகையை நிறுத்திவிட்டு, அங்கிள் இப்படி அஜாக்கிரதையாக இருக்கிறாரே என்பதுபோல அவரைப் பார்த்தான். எனக்கு அன்றைக்குத்தான் அவர்மேல் முதல்முதலாக ஒரு மரியாதை வந்தது. ஆனால் பட்டப்பெயரை மாற்றும் அளவுக்கு வரவில்லை.

அவர் குடியிருந்ததும் பள்ளிக்கு எதிரே இருந்த அடுக்குமாடியில்தான். ஒருமுறை கீழ்த்தளத்தில் கழிவுக்குழாய் உடைந்து வாசலெல்லாம் ஓடியது. நிர்வாக அலுவலகத்தில் இன்று வருகிறோம், நாளை வருகிறோம் என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் ஒரு அதிகாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, பார்த்துவிட்டேன், எழுதிவிட்டேன் என்று கிளம்பப் பார்த்தார். அண்ணன் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே போட்டார். தே தாரேயும் இரண்டு வடையும் வந்தன. "முதல்முதலா நம்ம புளோக்குக்கு வந்திருக்கீங்க, ஒண்ணும் குடிக்காமப் போனா எங்களுக்கு மரியாதையா இருக்காது" என்று மலாயில் பணிவாகச் சொல்லி உட்காரவைத்துவிட்டார். அந்த மனிதர் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் போன் போட்டு ஆளை வரவழைத்தார். வடையை மட்டும் தொடவில்லையாம்.

"ஏன் அண்ணே இதுலயே இவ்வளவு குறியா இருக்கீங்க?" என்று நானே ஒருநாள் கேட்டேன்.

"எஸ்டேட்ல லயத்து வீடுங்க கடைசியில கக்கூஸ் வரிசையா இருக்கும் டீச்சர். கதவு இருக்கும், கொக்கி இருக்காது. எங்க அக்கா உள்ள போனா நான் வெளிய நின்னு பாடணும். பாட்டு கேட்டா ஆளு இருக்குன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்சது ரெண்டே பாட்டு. அக்கா உள்ள இருந்து திட்டும், வேற பாட்டுப் பாடுடான்னு." சிரித்தார். பிறகு சிரிக்காமல், "பாவம்லா பொம்பளைங்க" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன், அதாவது நான் சாவி வைத்திருந்த கதைக்கு.

பெற்றோர்கள், முன்னாள் மாணவர்கள், சட்டமன்ற உறுப்பினர் எல்லோரும் சேர்ந்து பெண் பிள்ளைகளுக்குப் புதுக் கழிப்பறை கட்டித் தந்தார்கள். எட்டு அறைகள். இளநீலத் தரை ஓடு, சுவரில் மீன் படம், ஆளுயரக் கண்ணாடி. திறப்பு விழாவுக்குத் தலைமையாசிரியர் வாசலில் புதுக் கால்மிதி போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் சட்டமன்ற உறுப்பினர் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். அவர் கழற்றினால் மற்றவர்கள் எப்படிக் கழற்றாமல் இருப்பது? பெரிய மனிதர்கள் பன்னிரண்டு பேர் காலுறையோடு கைகழுவும் தொட்டிக்கு முன்னால் வரிசையாக நின்று எடுத்த படம் இன்றும் அந்தப் பள்ளி அலுவலகத்தில் தொங்குவதாகக் கேள்வி.

விழா முடிந்ததும் தலைமையாசிரியர் அதைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். மாவட்ட அளவில் பள்ளிக் கழிப்பறைப் போட்டி ஒன்று இருந்தது. அதிகாரிகள் இரண்டு வாரத்தில் வருவார்கள். "அதுவரைக்கும் பிள்ளைங்கள விட்டா நாசம் பண்ணிடுவாங்க டீச்சர்" என்றார். சரிதானே என்றுதான் எனக்கும் பட்டது. எங்கள் வீட்டு ஷோகேசில் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் இருக்கின்றன. அவை இன்றுவரை சோற்றைக் கண்டதில்லை. புதுச் சோபாவின் பிளாஸ்டிக் உறையை நாங்கள் மூன்று வருடம் கழற்றவில்லை, வெயில் காலத்தில் உட்கார்ந்தால் தொடையோடு ஒட்டிக்கொண்டு எழும். நல்ல பொருள் என்றால் அது வருகிறவர்களுக்கு. இது நம் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கழிப்பறைக்கும் அதே சட்டத்தைப் போட்டோம், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. அதிகாரிகளின் தேதி தள்ளிக்கொண்டே போனது. சாவி என் கைப்பையிலேயே கிடந்தது. பிள்ளைகள் பழைய நான்கிலேயே வரிசை நின்றார்கள்.

பள்ளி விட்டதும் வேன் நேராகப் பெட்ரோல் நிலையத்துக்குப் போகும். அங்கே பெண் பிள்ளைகள் இறங்கி ஓடுவார்கள். பதினொரு பிள்ளைகள் போய்வந்த பிறகு அண்ணன் தன் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கழிப்பறையைக் கழுவிவிட்டு வருவார். கழுவாவிட்டால் நிலையத்துக்காரர் நாளைக்கு விடமாட்டார் என்ற பயம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து, இவருக்கு இதில் ஒரு ஆசை, செய்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மதியம் கேட் அருகே என்னை நிறுத்தினார். இரண்டு கைகளிலும் இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள்.

"டீச்சர், இத கொஞ்சம் தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். ஒன்று காலி, ஒன்று கனமாக இருந்தது.

"காலியா இருக்கறது பையன் போத்தல். கனமா இருக்கே, அது தர்ஷினி போத்தல். காலையில அவங்க அம்மா குடுத்து விட்டப்ப இருந்த அதே கனம். இன்னிக்கி மட்டும் இல்ல, ரெண்டு மாசமா தெனம் தூக்கிப் பாக்குறேன். பொம்பளப் பிள்ளைங்க போத்தல் பாதிக்கு மேல நெறஞ்சேதான் வீட்டுக்குப் போவுது."

"பொம்பளப் பிள்ளைங்க கம்மியாதான் குடிப்பாங்க அண்ணே."

"ஏன், அதுங்க என்னா ஒட்டகமா?"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அவர் குரலைக் குறைப்பதாக இல்லை.

"குடிச்சா வந்துரும்னு பயந்துகிட்டு குடிக்காம இருக்குதுங்க டீச்சர். ஆத்திரத்த அடக்கலாம், மூத்திரத்த அடக்கக் கூடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அந்தப் புதுசத் தொறந்து விடுங்கலா."

"ரெண்டு வாரத்துல அதிகாரிங்க வந்துருவாங்க அண்ணே. அப்புறம் தொறந்துருவோம்."

"அவங்க வந்தாத்தான் தொறப்பீங்கன்னா அவங்களையே வந்து பேஞ்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக் கதவைச் சாத்தினார். எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியர் அறையில் போய் இதை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

அடுத்த வாரம் தர்ஷினி பள்ளிக்கு வரவில்லை. நான்காம் ஆண்டு, என் வகுப்பு, முதல் வரிசை. காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் மதியம் அண்ணன் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"புள்ளய ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க டீச்சர். மூத்திரத்துல கிருமி, கிட்னி வரைக்கும் போயிருச்சாம். காடி வெளிய நிக்குது. வாரீங்களா?"

குறை சொல்லவில்லை, குத்திக்காட்டவில்லை. வாரீங்களா என்று மட்டும்தான் கேட்டார்.

பெரிய கட்டிலில் அந்தப் பிள்ளை இருந்த இடமே தெரியவில்லை. கையில் ஊசி குத்தி டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகத்துக்கே கேடு வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கையுறைத் தொழிற்சாலைச் சீருடையிலேயே நின்றிருந்த அவள் அம்மா என்னைக் கண்டதும் பதறிப்போய்க் கைகூப்பினார்.

"மன்னிச்சிருங்க டீச்சர். உங்களுக்கெல்லாம் சூசா, வீண் சிரமமாப் போச்சு. வீட்டுலயே போயிட்டுத்தான் அனுப்புவேன். ஸ்கூல்ல போயி வெளிய போறேன், வெளிய போறேன்னு டீச்சர தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புவேன். அவளும் சொன்னபடி கேப்பா."

அவள் அப்படியே கேட்டு நடந்தாள். ஆண்டு முழுவதும் ஒருநாள்கூட வகுப்பு நடுவில் வெளியே போகக் கேட்டதில்லை. 'தர்ஷினியைப் பார்த்துக் கத்துக்குங்க' என்று நானே மற்ற பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என் தோளில் கைப்பை இருந்தது, பைக்குள் சாவி. அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "தப்பு உங்க மேல இல்லம்மா, என் மேல" என்றேன். அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. இல்லை டீச்சர், இல்லை டீச்சர் என்று என்னைச் சமாதானப்படுத்தினார்.

திரும்பும் வழியில் வேனில் நான் அழுதேன். அண்ணன் பார்க்காததுபோல் ஓட்டினார். பாதி வழியில், "நாலாவது மாடி கக்கூஸ் பரவால்ல டீச்சர், தண்ணி நல்லா வருது" என்றார். பிள்ளையைப் பார்க்கப் போன இடத்திலும் மனிதர் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டேன்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே யாரையும் கேட்காமல் பூட்டைத் திறந்தேன். தலைமையாசிரியர் ஓடிவந்தார்.

"டீச்சர்! அதிகாரிங்க வர்ற நேரத்துல என்ன காரியம் பண்றீங்க?"

"ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில படுத்திருக்கு சார். இத நான் இனிமே பூட்ட மாட்டேன். வேணும்னா பொறுப்ப வேற யாருக்காவது குடுத்துருங்க."

அவர் என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மீன் படத்தைப் பார்த்தார். திரும்பி அலுவலகத்துக்குப் போய்விட்டார். நல்ல மனிதர்தான். அவர் வீட்டிலும் ஷோகேஸ் இருந்திருக்கும்.

திறந்தாயிற்று, ஆனால் பிள்ளைகள் நேரே உள்ளே போகவில்லை. வாசலில் வரிசையாக நின்று சப்பாத்தைக் கழற்றினார்கள், காலுறையைக் கழற்றினார்கள், வெறுங்காலோடு பூனைபோல நடந்து போனார்கள். விழாவன்று பெரியவர்கள் செய்ததைப் பார்த்திருந்தார்களே! ஓய்வு நேரம் முழுக்கச் சப்பாத்துக் கயிறு கட்டுவதிலேயே கழிந்தது. வேண்டாம் என்று நான் எவ்வளவு சொன்னாலும் எடுபடவில்லை. சேதி கேட்டு அண்ணன் தன் அடுக்குமாடி முழுக்க அலைந்து ஒரு கூடை ரப்பர் செருப்பு சேர்த்துக் கொண்டுவந்தார். ஒரு காலுக்குச் சிவப்பு, மறுகாலுக்குப் பச்சை.

"ஜோடி சேரலன்னா என்னா டீச்சர், இதப் போட்டுக்கிட்டா கல்யாணத்துக்குப் போகப் போறாங்க?"

இரண்டு மாதம் வராத அதிகாரிகள் ஒன்பதாம் நாள் வந்தார்கள். தரை ஈரம். சோப்பு ஒன்றைக் காணவில்லை. ஒரு மீனுக்கு யாரோ பென்சிலால் மீசை வரைந்திருந்தார்கள். எங்களுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. அன்று மதியம் பள்ளி விட்ட பிறகு அண்ணனை உள்ளே அழைத்துக் காட்டினேன். எட்டு அறைக் கதவுகளையும் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தார். எட்டையும் பிளஷ் செய்தார். மீசை வைத்த மீனைப் பார்த்து நின்றார்.

"இப்பத்தான் டீச்சர் இது கக்கூஸ்."

நான் பெருமையாகச் சிரிக்க வாயெடுத்தேன். அதற்குள், "தொறந்து விட்டா மட்டும் போதுமா? ரெண்டு வேள கழுவ ஆளு எங்க? பெரிய பிள்ளைங்களுக்கு மூடி போட்ட குப்பத்தொட்டி எங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். அந்த மாதப் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் வேறு எதையும் பேச விடவில்லை. கழுவ ஆள் வந்தது, தொட்டி வந்தது, பழைய நான்கும் சரியாகின. அவர் வாயை மூட வேறு வழி இருக்கவில்லை.

தர்ஷினி மூன்று வாரம் கழித்துத்தான் பள்ளிக்கு வந்தாள். சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. அன்று காலை நான் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பியபோது முதல் வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி மேலே வந்தது, காதுவரைக்கும்தான் வந்தது.

"டீச்சர், வெளிய போயிட்டு வரலாமா?"

"போயிட்டு வாம்மா" என்றேன். கணக்கை அப்படியே விட்டுவிட்டு, அவள் வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். கடைசிப் பாடவேளையில் அந்தக் கை மறுபடியும் வந்தது, இந்தமுறை நேராக.

பள்ளி விட்டதும் நானே வேனைத் தேடிப் போனேன். அண்ணன் ஸ்டியரிங்கில் கை வைத்துப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தர்ஷினி இன்னிக்கு வெளிய போகக் கேட்டா."

"எத்தன தரம்?"

"ரெண்டு."

"அப்ப தண்ணி குடிச்சிருக்குலா புள்ள" என்றார். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.